பேசிய விலை

இந்தத் தொழிலில் என் கைக்கு முதலில் வந்த கருவி ஒரு குத்தூசி. 1994 இல், பதினெட்டு வயதில், ரங்கூனில் ஒரு தானியத் தரகு மண்டியில் எடுபிடியாகச் சேர்ந்தபோது, மண்டி முதலாளி அதை என்னிடம் கொடுத்து, மூட்டையின் வாயைப் பிரிக்காமல் சரக்கைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கோணியின் இழைகளை விலக்கிக்கொண்டு மேலே ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. உள்ளங்கையில் வழியும் உளுந்தை ஊதித் தூசு போக்கி, சொத்தை, கல், சுருங்கிய மணி எவ்வளவு என்று விரலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிக்க வேண்டும். சட்டென்று இரண்டாகப் பிளந்தால் காய்ந்த சரக்கு. பல்லுக்கு அழுந்திக் கொடுத்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள், அதைக் கப்பலேற்றினால் 24 டன் பிடிக்கும் கொள்கலன் முழுவதும் சென்னை போய்ச் சேருவதற்குள் பூஞ்சை பூத்துவிடும். மேலே நல்லதும் அடியில் சொத்தையுமாக மூட்டை கட்டுகிறவர்கள் இருப்பதால்தான் குத்தூசி தேவைப்படுகிறது என்றும், குத்தூசி தேவைப்படாத ஆள் யார் என்று தெரிந்துகொள்வதே வியாபாரம் என்றும் அவர் சொல்வார். அதன் முழுப் பொருள் எனக்கு விளங்க இருபத்துமூன்று ஆண்டுகள் ஆயின.

என் தந்தைக்கு அது முன்பே தெரிந்திருந்தது. ரங்கூனில் சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார். 1987 செப்டம்பர் 5 அன்று, 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தது. மாற்றிக்கொள்ள வழியும் தரவில்லை. எனக்குப் பதினொரு வயது. பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்த நோட்டுகளைத் தந்தை தரையில் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தார். செல்லாது என்று தெரிந்த பிறகும் கடைசி நோட்டு வரை எண்ணி முடித்துத்தான் எழுந்தார். புதிதாக 45, 90 என்று நோட்டுகள் வந்தபோது அவற்றில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அடுத்த வாரம் அரிசி மொத்த வியாபாரி ஒருவர், பர்மியர், தாமாகவே ஆள் அனுப்பி ஆறு மூட்டை இறக்கிவிட்டுப் போனார். பணத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தந்தை அந்தக் கடனை அடைக்க இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அந்த ஆறு மூட்டையை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நானே தனியாகத் தொழில் தொடங்கியது 2003 தொடக்கத்தில். பிப்ரவரியில் தனியார் வங்கிகளின் வாசலில் கூட்டம் குவிந்து, பணம் எடுப்பதற்கு உச்சவரம்பு வந்து, என் முதலீட்டில் பெரும்பகுதி வங்கிக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் வந்தபோது கிடங்கின் தகரக் கூரை பறந்தது. மூன்றாம் நாள் உள்ளே போய்ப் பார்த்தால், நனைந்த மூட்டைகளின் இழைகளுக்கு நடுவே வெள்ளை முளைகள் நீட்டிக்கொண்டு நின்றன. புளித்த மாவைப்போல ஒரு வாடை. ஆனால் ஐராவதி டெல்டாவில் ஊர் ஊராக மனிதர்களே அடித்துச் செல்லப்பட்டிருந்த அந்த நாட்களில் என் மூட்டைகளைப் பற்றிப் பேசவே எனக்கு நா எழவில்லை, இப்போதும் அதை நான் பெரிய இழப்பாக எழுத விரும்பவில்லை.

நான் எழுத நினைத்தது 2017 பற்றி. அதற்கு இந்தச் சரக்கைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பெகு, ஐராவதிப் பகுதிகளில் நெல் அறுத்த வயலில், மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரத்தை நம்பி உளுந்து விதைக்கிறார்கள்; பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. பர்மியர்கள் உளுந்தை அதிகம் சமைப்பதில்லை, விளைவதில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் போகிறது. சென்னையில் இட்லிக்கு ஊறும் உளுந்தில் கணிசமான பங்கு எங்கள் வயல்களிலிருந்து போனதுதான். ஒரே வாடிக்கையாளரை நம்பி ஒரு நாடு முழுவதும் பயிரிடுகிறது என்பதன் ஆபத்து எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வேறு வழி தேடவில்லை. (சந்தையில் நாங்கள் இன்றும் வீசைக் கணக்கில்தான் பேசுகிறோம். தமிழ்நாட்டில் மறைந்துபோன அந்தச் சொல் இங்கே உயிரோடு இருக்கிறது, ஆனால் எங்கள் வீசை 1.63 கிலோ, பழைய சென்னை வீசையைவிடக் கனமானது.)

அந்த ஆண்டு நல்ல விளைச்சல். பெகுவுக்கு அப்பால் தனட்பின் பக்கத்தில் கிராமங்களிலிருந்து சரக்குச் சேர்த்துத் தரும் பர்மிய அம்மையார் ஒருவரோடு பத்தாண்டுகளாக எனக்குத் தொழில் உறவு. அவரை நான் அமா என்பேன், பர்மிய மொழியில் அக்கா. அவர் என்னை மௌங்லே, தம்பி, என்பார். மார்ச்சில் விலை பேசி, அறுபது விழுக்காடு கையில் கொடுத்து, மீதியை அக்டோபர் வாக்கில் வரும் தடிஞ்ஜுட் பௌர்ணமிக்குள் தருவதாகச் சொல்லிச் சரக்கை எடுத்தேன். காகிதம் எதுவும் இல்லை. விலை ஏறும் என்று கிடங்கில் ஒன்பது கொள்கலன் அளவுக்கு, 216 டன், வைத்திருந்தேன். ஆகஸ்ட் 5 அன்று துவரை இறக்குமதியை ஆண்டுக்கு 2 லட்சம் டன்னாக இந்தியா சுருக்கியது; 21 ஆம் தேதி உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று உச்சவரம்பு வந்தது. அங்கே உழவர்களுக்கு விலை விழுந்து கிடந்ததால் எடுத்த முடிவு அது. அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் நியாயம் இருந்தது. ரங்கூனின் மொத்தச் சந்தையான பயின்னௌங்கிலோ அன்று மாலையே யாரும் விலை சொல்லவில்லை. சென்னையில் என் சரக்கைக் கேட்டிருந்தவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். நான் வாங்கிய விலையில் பாதிகூட யாரும் கேட்கவில்லை.

சந்தையில் பலர் கிராமத்துத் தொலைபேசி அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினார்கள். நானும் இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள், தந்தை தரையில் உட்கார்ந்து நோட்டு எண்ணிய காட்சி ஏனோ மனதை விட்டு அகலாமல் இருந்ததால், கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஐம்பது மைல் பேருந்தில் போய், அங்கிருந்து சேற்றில் நடந்து அவர் வீட்டை அடைந்தேன். மழைக்காலம், வீட்டின் கால்களைச் சுற்றித் தண்ணீர் நின்றது. நான் வாய் திறக்கும் முன்பே அமா, “எல்லாம் கேள்விப்பட்டேன் மௌங்லே, நீ வந்தாயே, முதலில் ஏறி உட்கார்” என்றார். வெறும் தேநீரும் ஊறவைத்த தேயிலையும் வைத்தார். பேசிய விலையை மாற்றப் போவதில்லை, ஆனால் பௌர்ணமிக்குள் கொடுக்க என்னிடம் பணம் இல்லை என்று சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்ப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் நாற்பத்தொரு உழவர்களின் பெயரும் பாக்கியும் இருந்தன.

விளக்கேற்றும் நேரம் வரை அந்த நோட்டை வரி வரியாகப் படித்தோம். இவர் உரக்கடனுக்கு வட்டி கட்டுகிறார், முதலில் கொடுக்க வேண்டும். இவர் மகனுக்குத் துறவுச் சடங்கு, அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கச் சொல்லலாம். இந்த அம்மாள் கணவனை இழந்தவர், பாக்கி சிறிது, நாளைக்கே கொடுத்துவிடு. இவருக்கு இரண்டு ஜோடி மாடு இருக்கிறது, பொறுப்பார், ஆனால் நீயே நேரில் போய்ச் சொல், நான் சொன்னால் கோபப்படுவார். இவ்வாறு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு மாதத்தைப் பென்சிலால் குறித்தார் அமா. சரக்கை நட்டத்தில் விற்றும், ரங்கூனுக்கு அக்கரையில் இருக்கும் சிரியத்தில் வீடு கட்ட வாங்கிப்போட்டிருந்த மனையை விற்றும், கிடங்கில் பாதியை வேறொருவருக்கு விட்டும், 2019 ஏப்ரலில் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய வாரம் கடைசிப் பெயரை அடித்தோம். பத்தாண்டுகளாக நான் வாங்கிக்கொண்டிருந்தது அந்த மனிதர்களின் உழைப்பு என்பதை அந்த நோட்டைப் படித்த மாலையில்தான் முதன்முதலாக உணர்ந்தேன். அதுவரை ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த நோட்டில் இல்லாத ஒருவர் இருந்தார். தனட்பினிலிருந்து ரங்கூனுக்கு என் சரக்கை ஏற்றிவந்தவர், நம் தமிழர், இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பீலிக்கான் கோயில் தீமிதிக்குக் குடும்பத்தோடு ஒன்றாகப் போவோம். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் எனக்குத் தம்பி என்ற சொல்லைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தியதில்லை. நம்மவர்தானே, பொறுத்துக்கொள்வார் என்று அவருடைய வாடகைப் பாக்கியைப் பதினான்கு மாதங்கள் தள்ளினேன். அதைவிடப் பெரிய தவறு, நேரில் போய்ச் சொல்லாததுதான். ஐம்பது மைல் போன எனக்கு, நாலு தெரு தள்ளியிருந்த அவர் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. வங்கித் தவணை கட்ட முடியாமல் அவர் ஒரு லாரியை விற்றார் என்று மற்றவர் சொல்லித்தான் தெரிந்தது. பாக்கியோடு நான் போனபோது வாசலிலேயே வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, “சரியா இருக்கு, முதலாளி” என்றார்.

2021 பிப்ரவரியில் ஆட்சி கவிழ்ந்து, வங்கிகள் மூடிக் கிடந்து, பணத்தை வெளியே எடுக்கவே தரகு கொடுக்க வேண்டியிருந்த நேரத்தில், அறுவடை வயலில் காய்ந்துகொண்டிருந்தது. ரொக்கம் இல்லாமல் யாரும் யாருக்கும் ஒரு மூட்டையும் கொடுக்காத அந்த மார்ச்சில் அமா, “சரக்கு வருகிறது, கிடங்கைக் கூட்டி வை” என்று மட்டும் சொல்லி அனுப்பினார். மே மாதம் இந்தியா மீண்டும் கட்டுப்பாட்டை நீக்கியது. ஜூனில் இரு நாடுகளுக்கும் இடையே ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை என்று உடன்பாடு கையெழுத்தானது. நாங்கள் பிழைத்தோம். அமா அனுப்பும் மூட்டைகளில் நான் இப்போதும் குத்தூசி போடுவதில்லை. மாதிரிக்கு ஒரு பிடி எடுத்துக் கடித்துப் பார்ப்பது பழக்கத்தினால்தான்.

அந்தச் சரக்கை ஏற்றிவர வண்டி வேண்டியிருந்தது. முதலில் லாரிக்கார அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். வாடகை முழுவதையும் முன்பணமாக மேசையில் வைத்தேன். அவர் மனைவி காபி கொடுத்து, பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். அவர் பணத்தில் பாதியைத் திருப்பி என் பக்கம் நகர்த்தி, “இறக்கின பிறகு மீதி கொடுங்க” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் என் சரக்கு அவர் வண்டியில்தான் வருகிறது, ஒருமுறைகூட நேரம் தவறியதில்லை, ஒரு மூட்டை குறைந்ததில்லை. இறக்கி முடித்ததும் ரசீதை நீட்டுவார். இன்னும் முதலாளி என்றுதான் கூப்பிடுகிறார்.