எல்லாத் திட்டங்களுக்கும் ஒரே பேபல் அமைப்பு: 2022 ஜூன் குறிப்புகள்

ஜூன் 3
அலுவலகத்தின் ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்களில் உள்ள பேபல் அமைப்புக் கோப்புகளை வரிசையாகப் படித்தேன். புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய உலாவிகளுக்கும் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கருவி பேபல். எல்லாம் ஒரே கோப்பிலிருந்து நகலெடுக்கப்பட்டவை. இன்று ஒன்றுகூட மற்றொன்றைப் போல இல்லை. ஒரு திட்டம் இன்னும் பேபல் 6இல், 2015இன் ஜாவாஸ்கிரிப்ட் பதிப்புக்கான பழைய இஎஸ்2015 பிரீசெட்டோடு (ஆயத்த அமைப்புத் தொகுதி) நிற்கிறது. இன்னொன்று, பேபல் 7.4இலேயே கைவிடப்பட்ட பாலிஃபில் தொகுப்பை (பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளை நிரப்புவது) சுமக்கிறது. எந்த உலாவிவரை ஆதரிக்கிறோம் என்று கேட்டால் அணிக்கு ஒரு பதில். என்னை உறுத்துவது இதுதான்.

ஜூன் 6
நிறுவனத்துக்கென ஒரு பிரீசெட் எழுதி ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளைப் பகிரும் எங்கள் தனிப்பட்ட என்பிஎம் பதிவகத்தில் வெளியிடப் போகிறோம். பிரீசெட் என்பது, நிரலை மாற்றும் துணைநிரல்களான பிளகின்களின் பட்டியலைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன், அவ்வளவுதான். பிளகின்களைப் பெயரால் குறிக்காமல் நிரலுக்குள்ளிருந்தே தொகுப்பை அழைக்கும் ரெக்கொயர் மூலம் ஏற்றுகிறேன். எந்தத் திட்டத்தில் நிறுவினாலும் பிரீசெட் கேட்கும் பதிப்பே இயங்கும். பேபலின் மையத் தொகுப்பான பேபல் கோரை மட்டும் அந்தந்தத் திட்டமே வைத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 9
பல தொகுப்புகள் ஒரே களஞ்சியத்தில் இருக்கும் திட்டத்தில் சோதித்தோம். பக்கத்துத் தொகுப்பின் நிரல் மாற்றப்படாமல் அப்படியே வெளியே வந்தது. காரணம் தெளிவானது: பேபல்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பின் ஆட்சி, தன் தொகுப்பை விவரிக்கும் பேக்கேஜ்.ஜேசன் கோப்பின் எல்லையைத் தாண்டாது. களஞ்சியம் முழுவதற்கும் பொருந்தும் பேபல்.கான்ஃபிக்.ஜேஎஸ் கோப்பை அதன் வேரில் வைத்ததும் சரியாகிவிட்டது. பேபல் 7 இந்த இரண்டையும் பிரித்து வைத்தது மிக நல்ல முடிவு.

ஜூன் 15
பெரும்பாலான விண்டோஸ் 10 பதிப்புகளில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் இன்றோடு நிறுத்துகிறது. அதனால் கூட்டம் நீண்டது. உலாவிப் பட்டியலைப் பிரீசெட்டுக்குள் புதைக்கக் கூடாது என்று வாதாடினேன். ஆதரிக்கும் உலாவிகளைக் குறிக்கும் பிரவுசர்லிஸ்ட் அமைப்பாகத் தனித் தொகுப்பில் வைத்தால், உலாவிகளுக்கேற்ப மாற்றங்களைத் தேர்ந்தெடுக்கும் பேபலின் பிரீசெட்-என்வி படிக்கும் அதே பட்டியலை, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் உலாவி முன்னொட்டுகளைச் சேர்க்கும் ஆட்டோபிரிஃபிக்சரும் படிக்கும். சிஎஸ்எஸ் ஒரு பக்கம், நிரல் ஒரு பக்கம் என்று இழுக்காது. பட்டியலே இல்லாவிட்டால் பிரீசெட்-என்வி எல்லாவற்றையும் இஎஸ்5 என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் பதிப்புக்கு இறக்கிவிடும். புதிய உலாவிகளுக்கும் தேவையில்லாமல் பருத்த நிரலே போகும். ஓர் உலாவியைப் பட்டியலிலிருந்து நீக்கினால் முதன்மைப் பதிப்பு எண் (பதிப்பின் முதல் எண்) கட்டாயம் ஏற வேண்டும் என்பதையும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு வரி மாற்றம்தான். ஆனால் பயனர் ஒருவரின் திரை வெறுமையாகப் போகலாம். அதைச் சிறு திருத்தம் என்று எழுத என் கை வராது.

ஜூன் 20
எக்ஸ்புளோரர் இல்லாத பட்டியல் 2.0.0 ஆக வெளியானது. வங்கி வாடிக்கையாளருக்காக ஓர் அணி மட்டும் 1.0 வரிசையிலேயே தொடர்கிறது. அவர்களுக்கான திருத்தங்களைத் தனிக் கிளையில் நான் பார்த்துக்கொள்கிறேன்.