வெடிகுண்டும் டீக்கடை ரொட்டியும்

"வெடிகுண்டும் டீக்கடை ரொட்டியும் சேர்ந்த பாலம் (4)."

குறுக்கெழுத்துக்கு இப்படி ஒரு குறிப்பை எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்துக் கணக்கு. பாம், பன், பாம்பன், அவ்வளவுதான். வழக்கமான குறுக்கெழுத்து என்றால் 'ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள பாலம்' என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதில் தெரியும், தெரியாது என்ற இரண்டே நிலைதான். இந்த மாதிரிக் குறிப்பில் விடையின் பொருள் முன்னாலோ பின்னாலோ ஒரு ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும், மிச்சம் எல்லாம் விடையைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு நம்மை வேறு பக்கம் பார்க்கவைக்கிற வேலை. (முதல் குறுக்கெழுத்து என்று சொல்லப்படுவது நியூயார்க் பத்திரிகை ஒன்றில் 1913 டிசம்பர் 21 அன்று வந்தது, பழைய பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். பாலத்தைவிடக் கட்டம் இரண்டு மாதம் மூத்தது!)

தமிழில் எழுத்தைக் கலைத்துப் போடுவது கொஞ்சம் சிரமம். ஒரு கட்டத்துக்குள் உயிர்மெய் முழுசாக உட்கார்ந்துகொள்ளும், புள்ளி வைத்த எழுத்து சொல்லின் தலையில் வராது. 'கடல்' என்பதைக் கலைத்துப் பாருங்கள், ஒன்றும் தேறாது. அதனால் நமக்குக் கைகொடுப்பது ஒட்டுவதும் வெட்டுவதும் சிலேடையும்தான். பரமக்குடியின் தலையோடு செழிப்பைச் சேர்த்தால் கடலடியில் கிடைப்பது? 'ப'வும் வளமும், பவளம்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்குமே அப்போது, மண்டபம் ஊரில் சித்தப்பா வேப்பமர நிழலில் வலையைப் பரப்பிக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து என் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். பாம்பனுக்குச் சிரித்தார். "வடக்கிலிருந்து வரும் நாற்றம் (2)" என்றதும் ஊசி நின்றுவிட்டது.

"வாடையா?"

"ஆமா சித்தப்பா. வாடைக் காற்று, கருவாட்டு வாடை. ரெண்டு அர்த்தம்."

"கருவாட்டு வாடை நாத்தமாடா? யாருக்கு நாத்தம்?"

பழைய தமிழில் நாற்றம் என்றால் நல்ல மணம்தான் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் சமாதானம் ஆகவில்லை. யோசித்தால் அவர் பக்கம்தான் நியாயம். அந்தச் சிலேடை வேலை செய்யவேண்டுமானால் வாசிக்கிறவர் மூக்கைப் பொத்தவேண்டும், அவர் வீட்டில் யாரும் பொத்துவதில்லை. 'வடக்கிலிருந்து வரும் மணம்' என்று மாற்றிக்கொண்டேன், குறிப்பு இன்னும் கள்ளத்தனமாகத்தான் ஆனது.

அடுத்தது 'கச்சான்'. எங்கள் பக்கம் அது மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. அகதிகள் முகாமில் இருக்கிற, இலங்கையிலிருந்து வந்த அக்கா ஒருவர் கச்சான் வறுத்துத் தரட்டுமா என்று கேட்டபோது, காற்றை எப்படி வறுப்பது என்று நான் முழித்தது ஞாபகம் வந்தது. அங்கே அது வேர்க்கடலை. "இங்கே வீசும், கடல் தாண்டினால் கொறிக்கலாம் (4)" என்று எழுதியிருந்தேன். இதற்குச் சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நான் ஒண்ணு சொல்லவா?" என்றார்.

"உழுகிற சாமானை வச்சுக்கிட்டுத் தோழியைக் கூப்பிட்டா தர்காவுக்குப் போயிரலாம். நாலு எழுத்து."

கலப்பை, கொழு என்று எதை எதையோ போட்டுப் பார்த்தேன், ஒன்றும் அமையவில்லை. அவர் சொல்லவும் மாட்டேன் என்றுவிட்டார். சாயங்காலம் ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நிற்கிறேன், எதிரே வந்து நின்ற பஸ்ஸின் நெற்றியில் பெரிய எழுத்தில் ஏர்வாடி.