மூச்சுப் பயிற்சிக்கு முன் மூச்சு வாங்கிய கதை

நிதானமாக மூச்சு விடக் கற்றுக்கொள்ள இத்தனை கையெழுத்து தேவை என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன். காவல் பணியில் இரவு ரோந்தும் விபத்தும் வீட்டுச் சண்டையும் பழகிப்போனவைதான். ஆனால் புகார் கொடுக்க வருகிறவரைப் பார்த்தாலே எரிச்சல் வரும் அளவுக்கு ஆனபோது துறை ஆலோசகரிடம் போனேன். இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே மூச்சைச் சீராக்கும் பயோஃபீட்பேக் பயிற்சிக்கு அவர் உடனே பரிந்துரை எழுதிக் கொடுத்தார்.

சிக்கல் நிர்வாகப் பிரிவில் தொடங்கியது. எழுத்தர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு முடியவில்லை என்றால் மருத்துவ விடுப்பு எடுங்கள்" என்றார். பணிச்சோர்வு நோயல்ல, வேலை சார்ந்த நிலை என்று உலக சுகாதார நிறுவனமே 2019-இல் வகைப்படுத்திவிட்டது என்றேன். அசையவில்லை. மேலதிகாரி கையெழுத்து வேண்டும் என்றார், வாங்கி வந்தேன். அடுத்து மருத்துவத் தகுதிச் சான்று எங்கே என்றார். இணைக்க வேண்டிய தாள்களின் பட்டியலில் அது இல்லையே என்றதற்கு, "எல்லாவற்றையும் எழுதி ஒட்டிக்கொண்டிருக்க முடியுமா?" என்று பதில் வந்தது. சீரற்ற இதயத் துடிப்பு இருந்தாலோ, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்தாலோ கருவி காட்டும் அளவுகளை அப்படியே நம்ப முடியாது. ஆகவே அந்தச் சான்று கேட்பதில் நியாயம் உண்டு. அவர் அதற்காகக் கேட்டார் என்று மட்டும் நான் நம்பவில்லை.

ஒப்புதல் படிவத்தை வரி விடாமல் படியுங்கள். என்னுடையதில், பதிவுகள் தேவைப்படும்போது துறையுடன் பகிரப்படும் என்று ஒரு வரி ஒளிந்திருந்தது. நாளைக்குத் துப்பாக்கியைத் திருப்பிக் கேட்கவோ, பதவி உயர்வை நிறுத்தவோ அதுவே காரணமாகலாம். அந்த வரியை அடித்து, பக்கத்தில் பயிற்சியாளரின் கையெழுத்தும் வாங்கிய பிறகே நான் கையெழுத்திட்டேன். மொத்த அலைச்சலிலும் எனக்கு மிகுந்த திருப்தி தந்தது இதுதான்.

முதல் அமர்வு வீண். இரவுப் பணி முடிந்து நேராகப் போயிருந்தேன். விரல்கள் ஜில்லிட்டுக் கிடந்தன. விரலில் மாட்டிய சென்சாருக்கு நாடி சரியாகவே பிடிபடவில்லை. திரையில் கோடு ரம்பப் பல்லாகக் குதித்தது. பயிற்சியாளரோ, "பதற்றப்படாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டுத்தான் பதற்றம் வந்தது. பிறகு வந்த உதவியாளர் ஒரு வார்த்தை பேசாமல் சென்சாரைக் கழற்றிக் காது மடலில் மாட்டினார், கோடு அடங்கிவிட்டது. கை குளிர்ந்திருந்தால் காதில் மாட்டச் சொல்லிக் கேளுங்கள். கையைக் காலை ஆட்டினாலும் பதிவு கெட்டுவிடும்.

அடுத்தது தலைச்சுற்றல். மெதுவாக மூச்சு விடு என்றால் ஆழமாக இழுக்கச் சொல்கிறார்கள் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறோம். அளவுக்கு மீறி இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். வேகத்தைக் குறையுங்கள், காற்றின் அளவைக் கூட்டாதீர்கள். மூக்கால் இயல்பாக இழுத்து, உதட்டைக் குவித்து நீளமாக விடுவது எனக்குச் சரியாக இருந்தது.

மூச்சை இழுக்கும்போது துடிப்பு ஏறும், விடும்போது இறங்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 மூச்சு என்ற வேகத்தில், ரத்த அழுத்தத்தைச் சமன் செய்யும் உடலின் அனிச்சை வினையும் அதே தாளத்தில் சேர்ந்துகொள்வதால் அந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகிறது. பயிற்சி தேடுவது அதைத்தான். ஆளுக்கு ஆள் வேகம் கொஞ்சம் மாறும். 6.5-இலிருந்து 4.5 வரை இறக்கிப் பார்த்தார்கள்; எனக்கு 5.5 பொருந்தியது.

வீட்டில் தினமும் இரண்டு வேளை 20 நிமிடம் செய்யச் சொன்னார்கள். எழுதியவர் பணிப் பட்டியலைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். பணிக்குக் கிளம்பும் முன், நிறுத்திய வண்டியில், கிடைத்த நேரத்துக்குச் செய்தேன். ஓட்டும்போது வேண்டாம்.

ஆபத்து எதிரே நிற்கும்போது இதை நம்பி நிற்க முடியாது. அதன் பிறகு உடம்பு தணியத்தான் இது. மோசமான விபத்து ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த இரவில், அறிக்கை எழுதும் முன் சிறிது நேரம் மேசையிலேயே மூச்சை நீட்டி விட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாக அப்படிப்பட்ட இரவுகளில் என் கையெழுத்தை எனக்கே படிக்க முடியாது. அன்று வரி கோணவில்லை. ஆள் பற்றாக்குறையும் தொடர் இரவுப் பணியும் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றுக்கு எந்த சென்சாரும் கிடையாது.

இதயத் துடிப்பை மறுபடி அளந்து பார்க்கும் மறுபதிவுக்கு நாள் குறிக்கும்போது இரவுப் பணி முடிகிற காலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். அன்று வரும் அளவு உங்கள் தூக்கமின்மையைத்தான் காட்டும். எனக்கும் அந்த நேரத்தைத்தான் ஒதுக்கினார்கள். மாற்றச் சொல்லி, எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன்.