ஐந்தரை மணி மாத்திரையும் ஆறரை மணிக் காப்பியும்

காட்பாடியிலிருந்து குடியாத்தத்துக்கு நாள்தோறும் பேருந்தில் போய்வரும் பள்ளி ஆசிரியை நான். சென்ற ஆண்டு கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே, விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து விழிப்பதும், விடைத்தாள் கட்டைப் பிரிக்கக்கூட மனமின்றி உட்கார்ந்திருப்பதும் எனக்கு வழக்கமாகிவிட்டன. "உடம்புச் சூடும்மா, இளநீர் குடி" என்றார் என் மாமியார். வேலூர் வெயிலில் வாழ்பவர்களுக்கு அது நம்பக்கூடிய விளக்கம்தான். நானும் இரண்டு மாதம் நம்பினேன்.

இரத்தப் பரிசோதனையில், தைராய்டு சுரப்பு குறைந்தால் உயரும் டி.எஸ்.எச். என்னும் ஹார்மோன் 14 என்று வந்தது. நான்கு வரை இருக்கலாமாம். ஹீமோகுளோபினோ குறைவு, 9.4. தைராய்டு சுரப்பு குறைந்தால் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரலாம் என்றும், இரத்தம் குறைந்தால் உடலுக்குப் போதிய உயிர்வளி கொடுக்க இதயம் வேகமாகத் துடிக்கும் என்றும், அந்தத் துடிப்பையே மனம் பயமாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்றும் மருத்துவர் விளக்கினார். மனநோய் இல்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தைராய்டுக்கு லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம், கூடவே இரும்புச்சத்து மாத்திரை. இரண்டையும் காலையில் ஒன்றாக விழுங்கி, உடனே ஃபில்டர் காப்பியும் குடித்தேன். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது டி.எஸ்.எச். 11. இரும்புச்சத்து தைராய்டு மருந்தைக் குடல் உறிஞ்சவிடாது, நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காப்பி இரண்டையுமே கெடுக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. அதன்பின் ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, ஆறரைக்குக் காப்பி, மாலையில் எலுமிச்சைச் சாற்றுடன் இரும்பு மாத்திரை என்று வகுத்துக்கொண்டேன். டிகாக்‌ஷன் மணக்கும் சமையலறையில் அந்த ஒரு மணி நேரம் காத்திருப்பதுதான் சிகிச்சையிலேயே மிகக் கடினமான பகுதி. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் சமையலில் கூடின. ஆனால் அந்த அளவு இரத்தசோகையைக் கீரை மட்டும் சரிசெய்யாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அடுத்த பரிசோதனையில் எண்கள் சீராகின. சோர்வும் படபடப்பும் குறைந்தன. மூன்று மணி விழிப்பு மட்டும் போகவில்லை. ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் என் கணவருக்கு வேலை நாட்கள் குறைந்திருந்தன. வீட்டுக் கடன் தவணையோ குறையவில்லை. கார்டிசால் என்னும் ஹார்மோன் இயல்பாகவே விடியும் முன் உயரத் தொடங்கும் என்றும், ஓயாத கவலை அந்த ஒழுங்கைக் குலைத்து உறக்கத்தையும் கெடுக்கக்கூடும் என்றும் கேட்ட பிறகு, முன்பு தட்டிக்கழித்த மனநல ஆலோசனைக்கு நானே நேரம் கேட்டேன். ஆறு அமர்வுகள். கவலைகளை இரவு எட்டு மணிக்கு நோட்டில் எழுதி மூடிவைக்கும் பழக்கம் அங்கே கற்றது. தவணைக் கணக்கை முதன்முறையாகக் கணவரிடம் முழுவதுமாகப் பேசியதும் அந்த நோட்டை வைத்துத்தான்.

இப்போது டி.எஸ்.எச். 3.1. மாத்திரை தொடர்கிறது. வாரத்தில் ஓரிரு நாள் இன்னும் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. பெரும்பாலும் மறுபடியும் தூங்கிவிடுகிறேன்.