பிளாரன்சில் வாடகைக் கார்: கார்டில் யார் பெயர், பெர்மிட்டில் யார் பெயர்?

"கிரெடிட் கார்டில் உங்கள் பெயர் இருக்கிறது. ஓட்டப்போவது அவர். கார் தர முடியாது."

இத்தாலியின் பிளாரன்ஸ் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த வாடகைக் கார் அலுவலகத்தில், சனிக்கிழமை மதியம் 12.20க்கு எங்களுக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான். 1 மணிக்கு மூடி 3 மணிக்குத்தான் திறப்போம் என்று கண்ணாடிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். கையில் இரண்டு பெட்டி. இரவு தங்கும் பண்ணை வீடு பியென்சா என்ற சிற்றூர் பக்கம், பஸ் சரியாகப் போகாத மலைச்சரிவில். காருக்கான பணம் இரண்டு மாதம் முன்பே கட்டியாகிவிட்டது.

ஷெங்கன் விசா, விமானம், ரோமில் மூன்று நாள் எல்லாம் நன்றாகவே நடந்தன. ரோம் டெர்மினி ரயில் நிலையத்தில் மட்டும் கொஞ்சம் பதற்றம். அறிவிப்புப் பலகையில் பிளாரன்சின் இத்தாலியப் பெயரான 'ஃபிரென்சே'யைத் தேடிக்கொண்டே நின்றோம். அந்தப் பெயரே இல்லை. பலகையில் வருவது ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர். எங்கள் ரயில் மிலானுக்குப் போவது. டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணைப் பார்த்துத்தான் தேட வேண்டும். பிளாட்பாரம் எண்ணும் கிளம்புவதற்குச் சற்று முன்புதான் வரும். மலிவு டிக்கெட் என்பதால் விட்டால் பணம் போச்சு. எப்படியோ ஓடி ஏறிவிட்டோம். அதன்பின் 'ஃப்ரெச்சாரோஸா' என்ற அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், 250 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் கையில் இருந்த காபி அசையவில்லை.

சரி, கார் அலுவலகத்துக்கு வருகிறேன். மேசையில் இருந்த பெண் என் கார்டையும் கணவரின் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் ஒரு பெயரைத் தொட்டு, அடுத்த பெயரைத் தொட்டுக் காட்டினார். வைப்புத்தொகையை முடக்கி வைக்கும் கிரெடிட் கார்டு, ஒப்பந்தத்தில் முதல் ஓட்டுநராக இருப்பவர் பெயரில்தான் இருக்க வேண்டும். நாங்கள் கணவன் மனைவி என்றேன். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயர் இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. கணவரிடம் இருந்தது டெபிட் கார்டும், வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டும். அந்தப் பெண் இரண்டையும் தொடாமலேயே வேண்டாம் என்றுவிட்டார்.

அப்போதுதான் என் பெர்மிட் நினைவுக்கு வந்தது.

இன்டர்நேஷனல் பெர்மிட்டுக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நாங்கள் இரண்டு முறை அலைந்தோம். முதல் நாள் சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் என் படிவத்தைப் பார்த்த எழுத்தர், "வீட்டுக்காரர்தான் ஓட்டப்போறாரு, உங்களுக்கு எதுக்கும்மா இது? ஆயிரம் ரூபா வீண்" என்றார். திரும்பி வந்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அக்கா கிளம்பும் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: வெளிநாட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் ஓட்டுவது? அவள் சொன்னது காய்ச்சலை நினைத்து. எனக்கு உதவியது இங்கே. "இல்லை சார், எனக்கும் வேணும்" என்று நின்று வாங்கியது எவ்வளவு நல்லது என்று அந்த மேசை முன்னால் நின்றபோது புரிந்தது.

என் பெர்மிட்டையும் அசல் ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்து வைத்தேன். இரண்டும் வேண்டும்; ஒன்று மட்டும் போதாது. போனில் டிஜிலாக்கரில் இருப்பதை அங்கே யாரும் ஏற்கமாட்டார்கள். நான் முதல் ஓட்டுநர், கணவர் கூடுதல் ஓட்டுநர் என்று ஒப்பந்தத்தை மாற்றினார்கள். கூடுதல் ஓட்டுநருக்கு நாளுக்கு 12 யூரோ, நான்கு நாளுக்கு 48. பரவாயில்லை என்றேன்.

அடுத்தது கார்டு. வைப்புத்தொகை 900 யூரோ, நம் பணத்தில் 80 ஆயிரத்துக்கு மேல். மெஷின் மறுத்துவிட்டது. கார்டில் பணம் உண்டு. ஆனால் வங்கி ஆப்பில் வெளிநாட்டுச் செலவுக்கு நான் போட்டு வைத்த வரம்பு 50 ஆயிரம். அதைக் கூட்ட ஓ.டி.பி. வேண்டும். ஓ.டி.பி. வரும் இந்திய சிம்மை, டேட்டா சிம் போட்ட அன்றே அணைத்துவிட்டேன். மணி 12.47. சிம்மை இயக்கி, அது இத்தாலிய நெட்வொர்க்கைப் பிடிக்கும்வரை மூன்று நிமிடம் அந்தப் பெண் என் முகத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஓ.டி.பி. வந்தது. வரம்பைக் கூட்டினேன். இரண்டாவது முறை பணம் போனது. கிளம்பும் முன் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது; தயவுசெய்து செய்துவிடுங்கள்.

சாவி கிடைத்த அவசரத்தில் கிளம்பிவிடாமல் காரைச் சுற்றி வந்து வீடியோ எடுத்தேன். இடது பின்சக்கர விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அவர்கள் கொடுத்த தாளில் அது இல்லை. கதவைப் பூட்ட வந்த பையனைக் கூப்பிட்டு, தாளில் குறிக்க வைத்து, கையெழுத்தும் வாங்கினேன். கடைசியில் வைப்புத்தொகை முழுசாகத் திரும்பியதற்கு அந்த ஒரு கையெழுத்துதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வண்டி ஓட்டுவது நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. கியர் வலது கைப் பக்கம். முதல் நாள் முழுக்க இவர் இடது கையால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். இண்டிகேட்டர் போடப் போனால் வைப்பர் ஓடும். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றுபவருக்கு வழிவிட்டு நுழைய வேண்டும், அவ்வளவுதான். மாலையில் சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் அந்த மேட்டுச் சாலையில் இவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். அந்த ஒரு மாலைக்காக இன்னொரு முறையும் இத்தனை அலைச்சலைப் படுவேன்.

இனி மிக முக்கியமான விஷயம். இத்தாலியப் பழைய நகரங்களின் நடுப்பகுதிக்குள் வெளியார் கார் நுழையக்கூடாது. 'ஸோனா ஆ டிராஃபிகோ லிமிதாத்தோ', அதாவது போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி, சுருக்கமாக இசட்.டி.எல். தடுப்புக் கம்பி இருக்காது, போலீஸ் நிற்கமாட்டார். கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும், அவ்வளவே. நுழைவிடத்துப் பலகையில் 'வார்க்கோ ஆத்தீவோ' என்று ஒளிர்ந்தால் வழி திறந்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். தடை அமலில் இருக்கிறது என்று அர்த்தம். சியனாவில் இதைத் தெரிந்து வைத்திருந்ததால் நகர மதில் சுவருக்கு வெளியே சாந்தா கத்தெரீனா பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு, எஸ்கலேட்டரில் ஏறிக் கதீட்ரல் பக்கம் போய்விட்டோம்.

தெரிந்திருந்தும் பிளாரன்சில் மாட்டினோம். முதல் நாள் அலுவலகத்தில் வரைபடத்தில் வெளியே போகும் வழியைப் பேனாவால் வரைந்து கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. எல்லாம் ஒருவழித் தெருக்கள். போன வழியே வர முடியாது. புதன்கிழமை காலை, பெட்ரோல் நிரப்பிவிட்டு ஆற்றங்கரைச் சாலையில் வந்தோம். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டதும் போன் வேறொரு குறுகலான தெருவைக் காட்டியது. உள்ளே நுழைந்த பிறகுதான் சிவப்பு விளக்கோடு அந்தப் பலகை கண்ணில் பட்டது. "என்னங்க, நிறுத்துங்க" என்பதற்குள் தாண்டிவிட்டோம். வார நாளில் காலை 7.30 முதல் இரவு 8 வரை தடை. அப்போது மணி 10.47. அலுவலகத்தில் சொன்னேன், இங்கேயே கட்டிவிட முடியுமா என்று கேட்டேன். கடிதம் வரும் வரை காத்திருங்கள் என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து கார்டில் 45 யூரோ கழிந்திருந்தது. அபராதம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை, அது என் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்கு வாடகைக் கம்பெனி எடுத்த கட்டணம். உண்மையான கடிதம் போன வாரம்தான் வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டாம். தேதி, 10.47, நம்பர் பிளேட், தெருப் பெயர் எல்லாம் இருந்தன. ஓட்டியது இவர், கடிதம் வந்தது முதல் ஓட்டுநரான என் பெயருக்கு.

கைக்கு வந்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. ஒரே அபராதத்தோடு போனதே ஆறுதல். நான்காம் நாள் இரவு ஆன்லைனில் கட்டினேன். இந்த முறை சிம் இயங்கிக்கொண்டிருந்தது, வரம்பும் சரியாக இருந்தது. ரசீதை அச்செடுத்து என் பெர்மிட் புத்தகத்துக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன்.