சனிக்கிழமை செக்ரோல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சாயங்காலம் இடி இடித்தால் இன்றும் என் கண் நேரே யூபிஎஸ் விளக்குக்குத்தான் போகும்.

எங்கள் செம்பனைத் தோட்ட ஆபீசின் சம்பளக் கணக்கு மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் ஓடியது. யாரோ எப்போதோ போட்டுவிட்டுப் போனது. அட்டவணைகள் எல்லாம் மைஐசம் என்ற பழைய சேமிப்பு வகை. 2010இல் 5.5 பதிப்பு வந்ததிலிருந்தே புது அட்டவணைகள் தானாக இன்னோடிபி என்ற இன்னொரு வகை ஆகிவிடும். எங்களுடையது அதற்கும் முந்தைய சரக்கு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால், இன்னோடிபி மாற்றங்களைக் குறித்து வைத்த தன் லாகைப் படித்து எழுந்துகொள்ளும். மைஐசத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஒரு மழை ராத்திரிக்குப் பிறகு, வருகைப் பதிவு அட்டவணை பழுது என்று திரையில் வந்து நின்றது. சம்பளத்துக்கு இரண்டே நாள்.

பதறிப்போய் ரிப்பேர் டேபிள் கட்டளையை ஓட்டினேன். அதற்கு முன் கோப்புகளை நகலெடுத்து வைக்க வேண்டும், அதுகூட மறந்துவிட்டது. அட்டவணை திறந்தது, ஆனால் சில வரிகளைக் காணோம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால், பல வாரமாக இரவுதோறும் பூஜ்யம் பைட் கோப்புதான் விழுந்திருந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துகொண்டே போகும் பைனரி லாகுகளை இத்தனை நாளில் அழி என்று வரம்பு வைக்காததால் டிஸ்க் நிரம்பியிருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. யாரும் என்றால், நான்.

பெரிய கிராணி, அதாவது தோட்டத்துத் தலைமை எழுத்தர், செக்ரோல் என்ற வருகை, கூலிப் பதிவேட்டைக் கையாலும் எழுதி வந்ததால் தப்பித்தோம். “நான் தெனமும் கூட்டிப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் தம்பி” என்றார், குத்திக்காட்டாமல்.

இப்போது சனிக்கிழமை காலை என் வேலை இதுதான்: டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று பார்ப்பது, அட்டவணை பழுதா என்று செக் டேபிள் ஓட்டுவது, அப்புறம் அந்த வாரப் பேக்கப்பைப் பழைய லேப்டாப் ஒன்றில் ஏற்றி, மொத்தக் கூலியைக் கிராணியின் புத்தகத்தோடு ஒப்பிடுவது. இந்தக் கடைசி வேலைக்குத்தான் நேரம் பிடிக்கும்.

அட்டவணைகளை இன்னோடிபிக்கு மாற்றி, ஃபாரின் கீ, அதாவது ஒவ்வொரு கூலி வரிக்கும் தொழிலாளர் பட்டியலில் ஆள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு, போட முயன்றபோது, பொருந்தாத வரி இருக்கிறது என்று 1452 எண் பிழை வந்தது. மைஐசம் ஃபாரின் கீயைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் ஆள் இல்லாத கூலி வரிகள் உள்ளே கிடந்திருக்கின்றன. மூன்று வரிகள், ஒரே தொழிலாளி எண். பேசாமல் அழித்துவிடலாம் என்றுதான் கை போனது. எதற்கும் கிராணியிடம் காட்டினேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பழைய புத்தகத்தைப் புரட்டினார்.

“மூணு நாள் கூலி. வாங்காமலே போயிருச்சு அந்த அம்மா. கம்பார்ல மக வீட்டுல இருக்கு, இரு, போன் போடுறேன்.”