தெ கோலும் எங்கள் பெரிய தாத்தாவும்

பாரிசில் நான் வேலைக்குப் போகும் வீட்டு அம்மாளுக்குத் தொண்ணூறு வயது நெருங்குகிறது. மாத்திரை எடுத்துக் கொடுத்து, சூப் சூடு பண்ணி, பேச்சுத் துணைக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அன்று ஜூன் 18. 1940-ல் பிரெஞ்சுத் தளபதி சார்ல் தெ கோல், பின்னாளில் பிரான்ஸின் ஜனாதிபதி ஆனவர், லண்டன் வானொலியில் பேசி, ஜெர்மனிக்குப் பணியாதீர்கள் என்று பிரெஞ்சுக்காரர்களுக்கு அழைப்பு விடுத்த நாள். வருஷா வருஷம் நடக்கும் அஞ்சலியைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். "அதை நிறுத்து. அந்தத் துரோகியின் முகத்தை என் வீட்டில் பார்க்கச் சகிக்காது" என்றார் அம்மாள். அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

அவர் பிறந்தது அப்போது பிரான்ஸின் பிடியில் இருந்த அல்ஜீரியாவில், ஓரான் நகரத்தில். 1958 ஜூன் 4 அன்று அல்ஜியர்ஸில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்து, "நான் உங்களைப் புரிந்துகொண்டேன்" என்றார் தெ கோல். நம்மைக் கைவிட மாட்டார் என்று அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் நம்பினார்கள். 1962-ல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அந்த அம்மாளும் அவருடைய அப்பாவும் ஆளுக்கொரு பெட்டியோடு கப்பல் ஏறினார்கள்.

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. புதுச்சேரியில், முத்தியால்பேட்டையில் எங்கள் பெரிய தாத்தா வீட்டுக் கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தெ கோல் படம் இருக்கும். பெரிய தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய். வியட்நாமின் சைகோனில் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வெள்ளிக்கிழமை முருகனுக்குப் பூ போட்டால் ராணுவத் தொப்பிக்காரருக்கும் ஒரு முழம் உண்டு. பென்ஷன் வந்த அன்று பின்கட்டில் இருந்த எங்களுக்கும் கறிக்குழம்பு வரும். "எல்லாம் அவர் போட்ட சோறு" என்பார், படத்தைக் காட்டி.

அவருடைய தம்பிதான் என் தாத்தா. ரோடியர் மில் தொழிலாளி, கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையாவின் கட்சி. 1936 ஜூலை 30 அன்று மில் போராட்டத்தில் 12 தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்றதைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த குடும்பம் எங்களுடையது. அண்ணனும் தம்பியும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். தெ கோல் பேச்சு எடுத்தால் ஒருவர் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

இங்கே வந்தபின் பார்த்தால், ஊருக்கு ஊர் அந்தச் சண்டைதான். இறங்கும் விமான நிலையமே அவர் பெயரில். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு தெ கோல் தெரு. ஆனால் மேல்மாடி அல்ஜீரியக்காரப் பெண்மணியிடம், உங்களுக்கு விடுதலை கொடுத்தவர் ஆயிற்றே என்றேன். "கொடுத்தாரா? நாங்கள் எடுத்துக்கொண்டோம்" என்றார். 1961 அக்டோபர் 17 இரவு, இதே பாரிசில் ஊர்வலம் போன அல்ஜீரியர்களைக் காவல்துறை அடித்துக் கொன்று சேன் ஆற்றில் எறிந்ததை அவர் அம்மா பார்த்திருக்கிறார். அப்போது ஜனாதிபதி தெ கோல்தான். கீழ்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரோ, பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1944-ல் அவர் காலத்தில்தான் என்பார். 1968 மே மாதம் தானும் தெருவில் நின்று, அவரைப் போகச் சொல்லிக் கோஷம் போட்டதையும் அதே மூச்சில் சொல்வார்.

எல்லாருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எந்தக் கணக்கிலும் எங்கள் ஊர் இல்லை. அதுதான் என் ஆற்றாமை. 1940 செப்டம்பரில் தெ கோல் பக்கம் முதலில் சேர்ந்த குடியேற்றங்களில் பாண்டிச்சேரியும் ஒன்று. பிரான்ஸே ஜெர்மனியிடம் விழுந்து கிடந்த நேரம் அது. என் பையனின் சரித்திரப் புத்தகத்தில் அல்ஜீரியாவுக்கு ஒரு பாடமே இருக்கிறது, வியட்நாமுக்குப் படம் இருக்கிறது. எங்களுக்கு ஒரு வரியைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பக்கம் கீழூரில் 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக் கொடி இறங்கியது. ஆனால் சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். 1956-ல் போட்ட ஒப்பந்தத்தை, அல்ஜீரியச் சண்டை முடியும் வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் கிடப்பிலேயே வைத்திருந்தது. கைமாறிய ஆறாம் நாள், ஆகஸ்ட் 22 அன்று, பாரிஸ் புறநகர் பெத்தி கிளமாரில் தெ கோலின் காரைச் சுட்டார்கள், அல்ஜீரியாவை விட்டார் என்ற கோபத்தில். அந்த வாரத்தில் பாண்டிச்சேரியை இங்கே யார் நினைத்திருப்பார்கள்?

ஊரிலோ அந்த ஆகஸ்டு முதல் ஆறு மாதக் கெடு ஓடிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காதவர் இந்தியர். பெரிய தாத்தா எழுதிக் கொடுத்தார். தாத்தா, "சொந்த மண்ணில் இருந்துகொண்டு எதற்கு நான் வெளிநாட்டான் ஆகணும்" என்று மறுத்துவிட்டார். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஒரே முற்றம், இரண்டு தேசம். முன்கட்டுப் பிள்ளைகள் பதினெட்டு வயதில் விமானம் ஏறினார்கள். பின்கட்டில் நாங்கள் ரேஷன் கார்டோடு நின்றோம். நான் இங்கே வந்தது கல்யாணத்தால். முன்கட்டில் பிறந்திருந்தால் விசாவுக்கு அலைந்திருக்க வேண்டாம்.

சரி, இப்போது எல்லாம் பழகிவிட்டது. குளிருக்கு உடம்பு தேறிவிட்டது. பாரிசின் லா ஷப்பேல் பகுதித் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய் கிடைக்கிறது, வறுத்தரைத்த குழம்பு வாரம் ஒரு தடவை வைக்கிறேன். பையன் எனக்கு பிரெஞ்சு திருத்துகிறான். ஆனால் மாசி மாதம் வந்தால் வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் வரிசையாக இறங்குவதும், அந்தக் கூட்டத்தில் தாத்தா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொள்வதும் வந்துவிடும். சுருட்டு வாசனை, பக்கத்தில் சுண்டல் தட்டு, இரண்டு தாத்தாக்களும் ஒரே துண்டை விரித்து மணலில் உட்கார்ந்திருப்பது. அன்று மட்டும் அரசியல் கிடையாது.

பெரிய தாத்தாவின் நன்றி உண்மையானது, ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு என்பேன். குடியுரிமை ஷரத்து 1956 ஒப்பந்தத்தில் உள்ளது. அப்போது தெ கோல் பதவியில் இல்லை, கொலொம்பேயில் தன் வீட்டில் இருந்தார். அதற்கும் முன்னால், 1954-ல், ரத்தம் சிந்தாமல் எங்கள் ஊரை விட்டுக்கொடுக்க ஒத்துக்கொண்டவர் பிரதமர் பியேர் மெந்தேஸ் பிரான்ஸ். எட்டு மாதம்கூட அவர் ஆளவில்லை. அதற்குள் இந்தோசீனச் சண்டையை நிறுத்தினார், எங்களை விடுவித்தார். நாம் காமராஜரை மதிய உணவுக்காக நினைக்கிற மாதிரி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவர் என்று இங்கே வயதானவர்கள் அவரை நினைக்கிறார்கள். கீழ்வீட்டு வாத்தியாரும் அந்தப் பாலைக் குடித்தவர்தான். பாண்டிச்சேரியை விட்டதும் அவரே என்றேன். அப்படியா என்று கேட்டுவிட்டு, அலமாரியில் புத்தகம் தேட ஆரம்பித்தார்.

போன வாரம் ஊருக்குப் போன் பேசும்போது இதையெல்லாம் முன்கட்டுச் சித்தப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "மெந்தேஸ் படம் இருந்தா அனுப்பும்மா, மாட்டலாம். இவரை மட்டும் எடுக்கச் சொல்லாதே, அப்பா மாட்டினது" என்றார். அனுப்பத்தான் போகிறேன். படச் சட்டத்துக்கு அளவு கேட்டிருக்கிறேன்.